போனைப் பூட்டும் வேலை: எதை முதலில், எதைப் பிறகு

இந்த போன் நாளைக்கே தொலையப்போகிறது என்று வைத்துக்கொண்டு, ஒரு ஆண்ட்ராய்டு போனில் ஒரே அமர்வில் செய்து முடிக்கும் வேலை இது. நிதானமாகச் செய்தால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஐபோனில் அமைப்புகள் வேறு இடத்தில் இருக்கும், ஆனால் வரிசை மாறாது. வித்தியாசம் முக்கியமாகும் இடங்களில் அதையும் சேர்த்திருக்கிறது.

தேவையானவை: ஒரு தாள், பேனா, சிம் தட்டை வெளியே எடுக்கும் ஊசி, சார்ஜர், இணைய இணைப்புள்ள இன்னொரு கருவி. கடைசியாகச் சொன்னது மடிக்கணினியாகவோ வீட்டிலுள்ள வேறொருவரின் போனாகவோ இருக்கலாம். அது இல்லாமல் தொடங்க வேண்டாம். பாதிச் சோதனைகளை அதிலிருந்துதான் செய்ய வேண்டும்.

பாதுகாப்பு என்றதும் கை நேராகக் கடவுச்சொல்லை மாற்றத்தான் போகும். அங்கே தொடங்கினால், பழைய வழிகளை அடைத்துவிட்டு, புதிய வழி சரியாகத் திறக்கிறதா என்று பார்க்காமலே வெளியே நிற்க நேரும். அதனால் முதலில் நகல், அடுத்து மீட்பு வழி, அதற்குப் பிறகுதான் பூட்டு.

தாளில் எழுத வேண்டியது

டயல் பக்கத்தில் *#06# அழுத்துங்கள். அழைப்புப் பொத்தானைத் தொடத் தேவையில்லை, 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண், தானாகத் திரையில் வரும். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண்கள் இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். புகார் கொடுக்கும்போதும், நெட்வொர்க்கில் கருவியையே முடக்கச் சொல்லும்போதும் கேட்பது இந்த எண்ணைத்தான். இதைத் திரைப்பிடிப்பாக எடுத்து அதே போனில் வைத்துக்கொண்டு பயனில்லை. மாடல் பெயர், வாங்கிய தேதி, சிம் நிறுவனத்தின் உதவி எண், வங்கியின் அட்டை முடக்கும் எண் எல்லாம் அதே தாளில் ஏறட்டும்.

நகல் உண்மையிலேயே எடுக்கப்படுகிறதா

அமைப்புகளில் ‘காப்புப் பிரதி’ இயக்கத்தில் இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட முடியாது. கூகுளின் காப்புப் பிரதியில் செயலிகளின் பட்டியல், அவற்றில் சிலவற்றின் தரவு, அழைப்பு வரலாறு, குறுஞ்செய்திகள், போனின் அமைப்புகள் போகும். படங்கள் போவது கூகுள் போட்டோஸ் வழியே. வாட்ஸ்அப் உரையாடல்கள் போக, வாட்ஸ்அப்புக்குள்ளேயே தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். இவை மூன்றும் மூன்று தனித்தனிக் குழாய்கள். ஒன்று அடைத்துக்கொண்டால் மற்றவை அதைச் சொல்லாது.

அதிகம் விடுபடுவது தொடர்பு எண்கள். சிம்மிலோ போனின் உள்ளக நினைவகத்திலோ சேமித்தவை கூகுள் கணக்குக்குப் போவதில்லை. தொடர்புகள் செயலியின் அமைப்புகளில் ‘சாதனத் தொடர்புகளையும் ஒத்திசை’ என்ற வகையில் ஒரு தெரிவு இருக்கும், அதை இயக்குங்கள். இனிமேல் புதிய எண்களைச் சேமிக்கும் இயல்பான இடமும் கூகுள் கணக்காகவே இருக்கட்டும். பிறகு இன்னொரு கருவியில் அதே கணக்கைத் திறந்து, நேற்றுச் சேமித்த ஓர் எண் அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால்தான் நகல் எடுக்கப்படுகிறது என்று பொருள்.

படங்களிலும் இதே கதைதான். கேமரா கோப்புறை மட்டுமே இயல்பாக மேலே போகும். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள், திரைப்பிடிப்புகள், பதிவிறக்கியவை வேண்டுமென்றால் அந்தக் கோப்புறைகளைக் கூகுள் போட்டோஸில் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலவச இடம் 15 ஜிபி. மின்னஞ்சல், டிரைவ், படங்கள், வாட்ஸ்அப் நகல் எல்லாம் அந்த ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நிரம்பிவிட்டால் நகல் நின்றுபோகும், எச்சரிக்கை வந்தாலும் கண்ணில் படாமல் போகலாம். அதனால் மாதம் ஒருமுறை ‘கடைசியாக நகலெடுத்த தேதி’யைப் பார்ப்பது, எச்சரிக்கைக்காகக் காத்திருப்பதைவிட மேல்.

வாட்ஸ்அப் நகலுக்கு முழுக் குறியாக்கம் (சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றிவைப்பது) போடும் வசதி உண்டு. போட்டால் ஒரு கடவுச்சொல்லை நீங்களே வைக்கலாம், அல்லது 64 இலக்கச் சாவி ஒன்றைப் பெறலாம். அது தொலைந்தால் அந்த நிறுவனத்தாலும் நகலைத் திறந்து தர முடியாது. கடவுச்சொல்லைத் தாளில் எழுதிய பிறகே அதை இயக்குங்கள்.

வட்டத்தை உடைப்பது

இந்த வேலையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலான போன்களில் நிலைமை இப்படித்தான் இருக்கிறது: கூகுள் கணக்கின் மீட்பு எண், அதே போனில் இருக்கும் சிம். மீட்பு மின்னஞ்சலின் கடவுச்சொல், அதே போனில் சேமித்தது. இரண்டாம் படிச் சரிபார்ப்புக் குறியீடு, அதே போனிலுள்ள செயலி. கடவுச்சொல் நிர்வாகியைத் திறப்பதும் அதே கூகுள் கணக்கு. போன் கையில் இருக்கும்வரை எல்லாம் வேலை செய்யும். அது போன நிமிடம் எல்லாக் கதவுகளும் சேர்ந்தே மூடிக்கொள்ளும்.

உடைக்கும் முறை: கூகுள் கணக்கில் ‘பாதுகாப்பு’, அதில் ‘இருபடிச் சரிபார்ப்பு’, அதில் ‘மாற்றுக் குறியீடுகள்’. ஒவ்வொன்றும் 8 இலக்கமாகப் பத்துக் குறியீடுகள் வரும். ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். புதிதாக ஒரு தொகுப்பு உருவாக்கினால் பழைய பத்தும் செல்லாது, ஆகவே பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். பத்தையும் கையால் எழுதி வீட்டில் பத்திரங்கள் வைக்கும் இடத்தில் வையுங்கள். பணப்பை வேண்டாம், போனும் பணப்பையும் சேர்ந்தே தொலைவது சாதாரணம். மீட்பு எண்ணாக நம்பிக்கையான இன்னொருவரின் எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம்.

30 வினாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கக் குறியீட்டைத் தரும் செயலியை வைத்திருப்பவர்கள் அதன் கணக்குகளை இரண்டாவது கருவிக்கும் ஏற்றுமதி செய்ய வேண்டும். கூகுளின் செயலி கணக்குடன் ஒத்திசைகிறது, நல்லதுதான். ஆனால் அந்தக் கூகுள் கணக்குக்குள் நுழையவே அந்தக் குறியீடு வேண்டுமென்றால் மறுபடியும் வட்டம்தான். இன்னொன்று: இந்தக் குறியீடுகள் போனின் கடிகாரத்தை வைத்துக் கணக்கிடப்படுபவை. குறியீட்டைச் சரியாக அடித்தும் ஏற்கவில்லை என்றால் முதலில் ‘தானியங்கி நேரம்’ இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது சோதனை. போனை அணைத்து மேசையில் வையுங்கள். இன்னொரு கருவியின் உலாவியில் மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ) திறந்து, தாளை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குக்குள் நுழைந்து பாருங்கள். ஒரு குறியீடு செலவாகும், ஆகட்டும். நுழைய முடிந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். எந்த இடத்தில் போனைக் கேட்டு நிற்கிறதோ அந்த இடத்தைச் சரிசெய்து மறுபடி முயலுங்கள். இந்தச் சோதனையில் தேறாமல் கீழே உள்ள எதையும் தொட வேண்டாம்.

திரைப் பூட்டு

நான்கு இலக்க பின் நம்பரில் மொத்தமே 10,000 சேர்க்கைகள். ஆறு இலக்கத்தில் பத்து லட்சம். ஆறுக்கு மாறுங்கள், பிறந்த தேதி, வண்டி எண் வேண்டாம். கோடு இழுக்கும் பூட்டு வசதியானதுதான், ஆனால் பக்கத்தில் நிற்பவர் ஒருமுறை பார்த்தாலே மனதில் பதிந்துவிடும். கண்ணாடியில் விரல் தடமும் தங்கும்.

கைரேகை இருக்கட்டும். பொது இடத்தில் பின் நம்பரை அடிக்காமல் இருக்க அதுவே சிறந்த வழி. போனை மறுதொடக்கம் செய்த உடனேயும், பின் நம்பர் போட்டு 72 மணி நேரம் ஆன பின்னும் ஆண்ட்ராய்டு கைரேகையை ஏற்காமல் பின் நம்பரையே கேட்கும். அது கோளாறு அல்ல. மறுதொடக்கத்துக்குப் பிறகு முதல்முறை பின் நம்பர் போடும்வரை உங்கள் கோப்புகளின் குறியாக்கம் திறக்கப்படுவதே இல்லை. சந்தேகமான இடத்துக்குப் போனைக் கொண்டுபோகும் முன் ஒருமுறை அணைத்து எழுப்புவதில் அதனால் அர்த்தம் இருக்கிறது.

பூட்டைச் சுற்றியுள்ள சின்ன ஓட்டைகள்தான் பலரும் விட்டுவிடுவது. திரை அணைந்து எத்தனை வினாடி கழித்துப் பூட்ட வேண்டும் என்ற அமைப்பை ‘உடனே’ என்று வையுங்கள். பூட்டிய திரையில் அறிவிப்பின் உள்ளடக்கம் தெரியாதபடி மறையுங்கள், இல்லாவிட்டால் ஓ.டி.பி. திரையிலேயே வந்து நிற்கும். பூட்டிய நிலையில் மேலிருந்து இழுக்கும் விரைவு அமைப்புகளை மூட வழி இருந்தால் மூடுங்கள். ஐபோனில் முக அடையாள அமைப்புக்குள் ‘பூட்டியிருக்கும்போது அனுமதி’ என்ற பகுதியில் கன்ட்ரோல் சென்டரை அணைக்கலாம். திருடியவர் முதலில் செய்வது விமானப் பயன்முறையை இயக்குவதுதான். இது அந்தக் கையைத் தடுக்கும்.

ஐபோனில் ‘திருடப்பட்ட சாதனப் பாதுகாப்பு’ ஐஓஎஸ் 17.3 முதல் இருக்கிறது. அது இயங்கினால், பின் நம்பரைத் தெரிந்துகொண்டவர் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற முயன்றாலும் முகமோ விரலோ வேண்டும், ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். பழக்கமான இடங்களில் இந்தத் தாமதம் விலக்கப்படும், அதனால் ‘எப்போதும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் கூகுள் அமைப்புகளுக்குள் ‘திருட்டுப் பாதுகாப்பு’ கிடைக்கிறது. கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடும் அசைவை உணர்ந்து திரையைப் பூட்டுவது ஒன்று. தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்து வேறொரு கருவியிலிருந்து பூட்டுவது இன்னொன்று. இரண்டாவது மிகவும் உதவும், ஆனால் முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால்தான்.

சிம்மின் பூட்டு

திரையை எவ்வளவு இறுக்கினாலும் சிம் தட்டை ஊசியால் குத்தி எடுத்து இன்னொரு போனில் போட்டால் ஓ.டி.பி. எல்லாம் அங்கே போகும். இதைத் தடுப்பது சிம் பின் நம்பர் ஒன்றுதான். அது போனில் இல்லை, சிம் அட்டைக்குள்ளேயே பதிவாகிறது, ஆகவே எந்தப் போனில் போட்டாலும் கேட்கும்.

இயக்குவதற்கு முன், நிறுவனம் வைத்திருக்கும் ஆரம்ப பின் நம்பர் என்ன என்று சிம் வந்த அட்டையிலோ நிறுவனத்தின் தளத்திலோ பாருங்கள். ஊகித்து அடிக்க வேண்டாம். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்க 8 இலக்க பி.யு.கே. எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறாக அடித்தால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும், புதிய சிம்தான் வாங்க வேண்டும். பி.யு.கே. எண்ணை முன்னாடியே வாங்கித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு அமைப்புகளில் ‘சிம் பூட்டு’ பகுதிக்குப் போய் இயக்கி, ஆரம்ப எண்ணைக் கொடுத்து, உடனே மாற்றுங்கள். டயல் பக்கத்திலிருந்தும் மாற்றலாம்: **04*பழைய எண்*புதிய எண்*புதிய எண்#. 4 முதல் 8 இலக்கம் வரை வைக்கலாம். திரைப் பூட்டின் எண்ணையே இதற்கும் வைக்க வேண்டாம். பிறகு போனை அணைத்து எழுப்புங்கள். சிம் பின் நம்பரைக் கேட்டால் வேலை முடிந்தது. இரண்டு சிம் என்றால் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

இதற்கு விலை உண்டு. நள்ளிரவில் மென்பொருள் புதுப்பிப்பால் போன் தானாக மறுதொடக்கம் ஆனால், காலையில் எண்ணைப் போடும்வரை அழைப்பே வராது. இரவில் அவசர அழைப்புக்காகக் காத்திருப்பவர்கள் தானியங்கிப் புதுப்பிப்பைப் பகலுக்கு மாற்றட்டும். திருடியவர் போனை அணைத்து எழுப்பினால் மொபைல் டேட்டா இணையாது, இருப்பிடம் தெரிவதும் கடினமாகும். அப்படியிருந்தும் சிம் பூட்டைப் போடுவதே சரி. போன ஒரு கருவியைக் கண்டுபிடிப்பதைவிட வங்கிக் கணக்கைக் காப்பது பெரிது.

அழைப்பு வேறெங்காவது போகிறதா

*#21# அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்தினால், எல்லா அழைப்புகளும் வேறு எண்ணுக்குத் திருப்பப்படுகின்றனவா என்று தெரியும். *#67# பிஸியாக இருக்கும்போது, *#61# எடுக்காதபோது, *#62# தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கும்போது. கடைசி மூன்றில் குரலஞ்சலுக்கான எண் இருப்பது இயல்பு. அறியாத கைபேசி எண் இருந்தால் ##002# அடித்து எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள். குரலஞ்சலும் சேர்ந்தே போகும், தேவையென்றால் பிறகு மறுபடி அமைத்துக்கொள்ளலாம். சில நெட்வொர்க்குகளில் இந்தக் குறியீடுகளுக்குப் பதில் வராது, அப்போது போன் செயலியின் அழைப்பு அமைப்புகளில் பாருங்கள்.

மோசடி நடப்பது இப்படி: ஏதோ காரணம் சொல்லி **21* என்று தொடங்கும் ஒன்றை டயல் செய்யச் சொல்வார்கள். டயல் செய்ததும் உங்கள் அழைப்புகள் அவர்கள் எண்ணுக்குத் திரும்பும். குறுஞ்செய்தி திரும்பாது. ஆனால் குரல் அழைப்பில் சொல்லப்படும் ஓ.டி.பி. அங்கே போகும், வாட்ஸ்அப் கணக்கை எடுக்க அது போதும்.

அனுமதிகளைக் களைவது

கேமரா, மைக் அனுமதிகளில் தொடங்குவதுதான் பலரின் வழக்கம். ஆபத்து அதிகமான வரிசை வேறு. முதலில் அணுகல்தன்மை, அதாவது ஆக்சஸிபிலிட்டி. இந்த அனுமதி பெற்ற செயலி திரையில் உள்ளதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தும். வங்கிப் பணத்தைக் குறிவைக்கும் தீம்பொருள்கள் இதைத்தான் கேட்கின்றன. திரை படிப்பான் போன்ற உண்மையான தேவை தவிர அங்கே எல்லாம் அணைந்திருக்க வேண்டும். அடுத்தது சாதன நிர்வாகிச் செயலிகள் (போனையே கட்டுப்படுத்தும் உரிமை பெற்றவை), அறிவிப்பு அணுகல், குறுஞ்செய்தி அனுமதி, மற்ற செயலிகளின் மேல் காட்டும் அனுமதி, அறியப்படாத செயலிகளை நிறுவும் அனுமதி. கடைசியில் சொன்னது உலாவிக்கோ வாட்ஸ்அப்புக்கோ இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு 13 முதல், பிளே ஸ்டோர் போன்ற செயலிக் கடைக்கு வெளியிலிருந்து நேரடியாக நிறுவிய செயலி அணுகல்தன்மையைக் கேட்டால் அமைப்பே தடுக்கிறது. அந்தத் தடையை நீக்க, செயலித் தகவல் பக்கத்தின் மூலையில் மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘கட்டுப்படுத்தப்பட்ட அமைப்புகளை அனுமதி’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யாராவது தொலைபேசியில் பேசிக்கொண்டே இதைச் செய்யச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள்.

சந்தேகச் செயலியின் ‘நிறுவல் நீக்கு’ பொத்தான் மங்கலாக இருந்தால் அது சாதன நிர்வாகியாக இருக்கிறது. அந்த உரிமையை நீக்கிய பிறகே அகலும். அமைப்புகள் பக்கத்தைத் திறந்தவுடன் தானாக மூடிக்கொண்டால் செயலி தன்னைக் காத்துக்கொள்கிறது. அப்போது பவர் மெனுவில் ‘அணை’ என்பதை அழுத்திப் பிடித்துப் பாதுகாப்புப் பயன்முறைக்குப் போங்கள். சில போன்களில் எழும்பும்போது ஒலிக்குறைப்புப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தப் பயன்முறையில், நீங்கள் நிறுவிய செயலிகள் இயங்காது, நிதானமாக நீக்கலாம். கடவுச்சொற்களை மாற்றுவதை அந்த போனில் செய்யாமல் இரண்டாவது கருவியில் செய்யுங்கள். அப்படியும் நம்பிக்கை வரவில்லையென்றால் முழு ரீசெட், அதாவது போனை மொத்தமாக அழிப்பது. அதன்பின் செயலிகளைக் காப்புப் பிரதியிலிருந்து மொத்தமாக மீட்காமல் வேண்டியதை மட்டும் கடையிலிருந்து புதிதாக நிறுவுங்கள்.

வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலில் அறியாதது இருந்தால் வெளியேற்றுங்கள். இருபடிச் சரிபார்ப்பை இயக்கும்போது மின்னஞ்சலையும் கொடுங்கள். கொடுக்காமல் ஆறு இலக்க எண்ணை மறந்தால் ஏழு நாள் காத்திருக்க நேரும்.

தொலைந்த பின் எந்த வரிசை

தொலைந்த போனைத் தேடும் கூகுளின் ‘ஃபைண்ட் ஹப்’ இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டாவது கருவியிலிருந்து ஒலி எழுப்பிச் சோதியுங்கள். போன் சைலன்ட்டில் இருந்தாலும் ஐந்து நிமிடம் முழு ஒலியில் அடிக்கும். இணையம் இல்லாத நிலையிலும் தேடும் தெரிவில் ‘எல்லா இடங்களிலும்’ என்பதை வையுங்கள். இயல்பாக இருப்பது நெரிசலான இடங்களில் மட்டுமே பயன்படும்.

தொலைந்தது உறுதியானால் முதலில் தொலைவிலிருந்து பூட்டு, இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுதல். அடுத்த நிமிடமே சிம் முடக்கம். சிம்மை முதலில் முடக்கினால் டேட்டா நின்று, பூட்டும் கட்டளை போனைச் சேராமல் போகலாம். அதற்காக மணிக்கணக்கில் காத்திருப்பதும் தவறு. பிறகு வங்கி, பிறகு மின்னஞ்சல் கடவுச்சொல், பிறகு ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு புகார். அழிக்கும் கட்டளை கடைசியில்தான். ஆண்ட்ராய்டில் அழித்த பின் இருப்பிடம் தெரியாது.

ஐபோனை அழிக்கலாம், ஆனால் கணக்கிலிருந்து ‘அகற்று’ என்பதை அழுத்தவே கூடாது. அகற்றினால், போனை உங்கள் கணக்கோடு கட்டிவைக்கும் செயல்படுத்தல் பூட்டு விலகி, கருவியைப் புதிதாக விற்கலாம். ‘உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த இணைப்பில் பின் நம்பரைக் கொடுங்கள்’ என்று வரும் குறுஞ்செய்தி அந்தப் பூட்டை எடுக்கவே அனுப்பப்படுகிறது.

கை மாறும்போது

பழுதுபார்க்கக் கொடுக்கும்போது பின் நம்பரைச் சொல்ல வேண்டாம். சாம்சங்கில் ‘பராமரிப்புப் பயன்முறை’யும் பிக்சலில் ‘பழுதுபார்ப்புப் பயன்முறை’யும் உங்கள் தரவை மறைத்துவிட்டுக் கருவியைச் சோதிக்க விடும். இந்த வசதி இல்லாத போனை நகலெடுத்து ரீசெட் செய்தே கொடுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிடுங்கள்.

விற்கும்போது முதலில் கூகுள் கணக்கை நீக்கி, பிறகு அமைப்புகள் வழியாக ரீசெட் செய்ய வேண்டும். கணக்கு இருக்கும்போதே பொத்தான்களை அழுத்தி மீட்பு மெனு வழியாக அழித்தால், ஆண்ட்ராய்டு 5.1 முதல் உள்ள ரீசெட் பாதுகாப்பு விழித்துக்கொண்டு, வாங்கியவரிடம் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். இ-சிம் இருந்தால் ரீசெட்டின்போது அதையும் அழிக்கும் தெரிவைத் தொடுங்கள். முடிந்ததும் போனை எழுப்பி, வைஃபையில் இணைத்து, பழைய கணக்கைக் கேட்காமல் புதிய கணக்கைச் சேர்க்கும் திரை வரும்வரை போய்ப் பாருங்கள். அதன்பிறகு அணைத்துக் கொடுக்கலாம்.